வெப்பத்துக்கு ஒரு வடிகால்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு தலைமுறை மடிக்கணினிகள் ஒரே அலமாரியில் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்று, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த பிள்ளைக்குக் கிடைத்தது. தடித்த உடல், இரண்டு கிலோவை ஒட்டிய எடை, இரையும் விசிறி, உள்ளே சுழலும் வன்தட்டு. இன்னொன்று அண்மையில் வாங்கியது. நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே செருகினால் அடையாளம் தெரியாத அளவுக்கு மெல்லியது. தடித்தது புதிதாக இருந்தபோதே மூன்று நான்கு மணி நேரத்தில் மின்சாரம் கேட்டது. மெல்லியது காலையில் திறந்தால் மாலை வரை ஓடுகிறது. மெல்லியதில் ஏதோ பெரிய பேட்டரி வைத்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டு பேட்டரிகளின் மேலும் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்தால் திகைப்பு வரும். அந்தக் காலத்துச் சாதாரண மடிக்கணினியின் ஆறு உருளைகள் கொண்ட பேட்டரி ஏறக்குறைய 48 வாட்-மணி கொள்ளும். இன்றைய மெல்லிய கணினியின் பேட்டரி கொள்வதும் 50 வாட்-மணி அளவுதான். சேமிப்பு ஒன்றே. அப்படியானால் மாறியது என்ன?

வாட் என்பது ஒரு கருவி மின்சாரத்தைச் செலவழிக்கும் வேகம். வாட்-மணி என்பது இருப்பில் உள்ள மின்னாற்றலின் அளவு. 50 வாட்-மணி இருப்பை 5 வாட் வேகத்தில் செலவழித்தால் பத்து மணி நேரம் வரும், 10 வாட் வேகத்தில் செலவழித்தால் ஐந்து மணி நேரம். இந்த ஒரு வகுத்தல் கணக்கை வைத்துக்கொண்டு மெல்லிய மடிக்கணினியின் வரலாறு முழுவதையும் எடைபோட முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. அதற்கு வாகான எடுத்துக்காட்டு ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் வரிசை. அதுதான் சிறந்த கணினி என்பதற்காக அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே அளவு திரையோடு, 2008 முதல் இன்று வரை தொடர்ந்து வருகிறது. பேட்டரியின் கொள்ளளவையும் அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் ஒவ்வொரு முறையும் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வரிசை கிடைப்பது அரிது.

2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பழுப்பு நிற அலுவலக உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ எடை. அதன் 37 வாட்-மணி பேட்டரி ஐந்து மணி நேரம் வரும் என்றார்கள். வகுத்தால் சராசரிச் செலவு 7.4 வாட். 2010 அக்டோபரில் வந்த 13 அங்குலக் கணினிக்கு 1.32 கிலோ, 50 வாட்-மணி, ஏழு மணி நேரம். சராசரி 7 வாட்டுக்குச் சற்று மேல். 2013-இல் 1.35 கிலோ, 54 வாட்-மணி, பன்னிரண்டு மணி நேரம், சராசரி 4.5 வாட். 2020 நவம்பரில் எம்1 என்ற சில்லோடு வந்ததற்கு 1.29 கிலோ, 49.9 வாட்-மணி, இணையம் பார்த்தால் பதினைந்து மணி நேரம், சராசரி 3.3 வாட். நிறுவனத்தின் சோதனை முறை இடையில் மாறியது, தங்களுக்குச் சாதகமான சூழலில்தான் சோதித்திருப்பார்கள் என்பதையெல்லாம் கழித்துக்கொள்வோம். அப்படிக் கழித்தாலும் இந்த எண்களின் போக்கு மறையாது. மெல்லிய கணினி என்று பெயர் வாங்கிய இந்த வரிசையில் பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்த எடை 70 கிராம்தான். அதன் தடிமன் அதிகபட்ச இடத்தில் 1.94 சென்டிமீட்டரிலிருந்து 1.61-க்கு வந்தது. செலவோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெளியே மெலிந்ததைவிட உள்ளே மெலிந்ததே அதிகம்.

2008-இன் மெலிவு வேறு வகையானது. அது கழித்துப் பெற்ற மெலிவு. அதுவரை பெரும்பாலான மடிக்கணினிகளில் இருந்த டிவிடி பெட்டியை எடுத்துவிட்டார்கள். அது மட்டுமே ஒரு சென்டிமீட்டர் தடிமனைப் பிடித்துக்கொண்டிருந்த பொருள். அந்நாள் பேட்டரிகளில் இருந்த உருளைகளுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 18 மில்லிமீட்டர் உருளையை வைத்துக்கொண்டு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கணினி செய்ய வழியில்லை. அதனால் பை போலத் தட்டையான லித்தியம் பாலிமர் கலங்களுக்கு மாறி, அவற்றை உள்ளேயே திருகி மூடினார்கள். ஐபாட் பாட்டுப்பெட்டியில் இருந்த 1.8 அங்குலக் குட்டி வன்தட்டை வைத்தார்கள். இண்டெல் நிறுவனம் தன் செயலியின் உறையை இதற்காகவே சுருக்கிக் கொடுத்தது. ஆனால் அந்தச் செயலி உச்சத்தில் 20 வாட் வெப்பத்தைக் கக்கியது. வீடியோ ஓட்டினாலே சூடேறி, கணக்கிடும் இரண்டு கருக்களில் ஒன்று நின்றுபோகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். உடல் மெலிந்துவிட்டது, செலவு மெலியவில்லை. இந்த இடைவெளிதான் மெல்லிய கணினியின் மூலப் பிரச்சினை, அதைப் புரிந்துகொள்ள வெப்பத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கணினிக்குள் போகும் மின்சாரம் கடைசியில் எங்கே போகிறது? ஒரு மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது; அதன் ஆற்றலில் ஒரு பகுதி ஏறிய தண்ணீரில் இருக்கிறது. கணினி எதையும் ஏற்றுவதில்லை, இறக்குவதில்லை. திரையிலிருந்து வரும் ஒளியும் ஒலிபெருக்கியின் சத்தமும் போக, உள்ளே போன ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே வெளியே வர வேண்டும். வந்தே தீர வேண்டும். வராவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த வெப்பம் வெளியேறும் விதம் காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் அது வயலின் வடிகாலைப் போன்றதுதான். வயலில் தேங்கிய தண்ணீர் வடிவதற்கு வடிகால் வெட்டியிருந்தால் மட்டும் போதாது. வடிகாலின் நீர்மட்டம் வயலின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கார்த்திகை மழையில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பது வடிகால் இல்லாததால் அன்று. ஆறும் வடிகாலும் நிரம்பி, வயலுக்கும் அவற்றுக்கும் மட்ட வேறுபாடே இல்லாமல் போவதால். வெப்பத்துக்கும் இதே விதிதான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டுமே அது போகும், அது போகும் வேகம் இரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. இதை முதலில் அளந்து சொன்னவர் நியூட்டன். செயலியிலிருந்து வெப்பத்தை இழுத்துச் செல்லும் செம்புக் குழாயும், அதன் முனையில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளும், அவற்றின் மேல் காற்றை ஊதும் விசிறியும் சேர்ந்த அமைப்பை வெப்ப வடிகால் என்றே அழைக்கலாம். குழாயையும் விசிறியையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது வாய்க்காலை அகலப்படுத்துவதுதான். வெளியே இருக்கும் மட்டத்தை அதனால் தாழ்த்த முடியாது.

இனி ஒரு தோராயக் கணக்கு. மடியில் வைத்துக்கொள்ளும் பொருளின் மேற்பரப்பு 45 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கை பொறுக்காது. அறையில் 25 டிகிரி இருந்தால் வேறுபாடு 20 டிகிரி. விசிறியே இல்லாத 13 அங்குல அலுமினிய உடல் அந்த வேறுபாட்டில் 10 வாட் அளவுக்கு வெப்பத்தைத் தானாகவே கைகழுவும். தஞ்சாவூரில் மே மாதப் பிற்பகல் 38 டிகிரி என்பது சாதாரணம். அப்போது வேறுபாடு 7 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு. அதே உடல், அதே உலோகம், ஆனால் வெளியேற்றக்கூடியது மூன்றரை வாட்தான். இப்போது முன்பு பார்த்த எண்களைத் திரும்பப் பாருங்கள். 7.4 வாட் சராசரி உள்ள 2008 கணினி அந்தப் பிற்பகலில் விசிறியை முழு வேகத்தில் சுழற்றினாலும் திணறும். 3.3 வாட் சராசரி உள்ளது விசிறியே இல்லாமல் தாக்குப்பிடித்துவிடும். இந்தக் கணினிகள் இயங்குவதற்கு ஏற்ற சூழல் வெப்பம் என்று அவற்றை விற்பவர்களே எழுதியிருப்பது 10 டிகிரி முதல் 35 டிகிரி வரை. நம் ஊர்க் கோடை அந்த வரம்புக்கு வெளியே விழுகிறது. 25 டிகிரி அறையில் உட்கார்ந்து வடிவமைப்பவருக்கு வாட்டைக் குறைப்பது பேட்டரி நேரத்தைக் கூட்டும் வசதி. 38 டிகிரியில் உட்கார்ந்து பயன்படுத்துபவருக்கு அது கணினி ஓடுமா ஓடாதா என்ற கேள்வி. மெல்லிய, குறைந்த வாட் கணினியை ஆடம்பரம் என்று ஒதுக்கும் பேச்சு இந்த இடத்தில்தான் தவறுகிறது.

வாட் எப்படிக் குறைந்தது என்பது நீண்ட கதை, ஆனால் அதன் சாரம் சொல்லக்கூடியதுதான். செயலி என்பது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின், அதாவது நுண்ணிய மின்விசைகளின், தொகுப்பு. ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது ஒரு சிறு மின்னூட்டத்தை நிரப்பிக் கொட்டுகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் நிரப்ப வேண்டிய மின்னூட்டம் பாதியாகும், அதைத் தள்ளும் அழுத்தமும் பாதியாகும். இரண்டும் சேர்ந்து செலவு கால் பங்காகிவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டியது இதன் அடுத்த படி: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால், ஒரே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் அந்தப் பரப்பின் வெப்பம் கூடாது. முப்பது ஆண்டுகள் கணினித் துறை இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தது. 5 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 1 வோல்ட் வரை மின்னழுத்தம் இறங்கியது. அங்கே நின்றுவிட்டது. அதற்கும் கீழே போனால் டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் மின்சாரம் ஒழுகத் தொடங்கும். கசிவு மின்னோட்டம் என்பார்கள். 2004 வாக்கில் மேசைக் கணினிச் செயலிகள் 100 வாட்டைத் தாண்டி, இண்டெல் தன் அடுத்த பெண்டியம் வடிவமைப்பையே கைவிட வேண்டி வந்தது. துறையின் போக்கைத் திருப்பியது ஒரு மடிக்கணினிச் செயலி என்பது கவனிக்கத்தக்கது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இண்டெலின் ஒரு குழு வடிவமைத்து 2003-இல் வந்த பெண்டியம்-எம், கடிகார வேகத்தைக் கூட்டாமல் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்தது. பின்னால் வந்த மேசைக் கணினிகளும் அந்த வழிக்கே திரும்பின. கசிவை அடைக்க, தட்டையாக இருந்த டிரான்சிஸ்டரை மீன் துடுப்பின் வடிவில் நிமிர்த்தி, மூன்று பக்கமும் கட்டுப்படுத்தும் அமைப்பை 2012 முதல் இண்டெல் தன் செயலிகளில் கொண்டுவந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் செங்மிங் ஹூவின் குழு 1990-களின் இறுதியில் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய யோசனை அது.

இத்தனைக்கும் பிறகு 2013-இல் ஏழு மணி நேரம் பன்னிரண்டாக உயர்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, என் கணிப்பில் அதுவே பெரிய காரணம். மனிதர் கணினியில் செய்வதில் பெரும்பகுதி காத்திருத்தல். ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்ட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 300 கோடி துடிப்புகள் கொண்ட செயலிக்கு அதற்குள் 60 கோடி துடிப்புகள் கழிந்துவிடும். அந்த எழுத்தைத் திரையில் போட அதில் மிகச் சிறு பகுதி போதும். மிச்ச நேரமெல்லாம் வேலையில்லாமல் விழித்திருந்து மின்சாரத்தைச் செலவழித்ததுதான் பழைய செயலிகளின் குற்றம். புதியவை, வேலை முடிந்த நொடியிலேயே தங்கள் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடுகின்றன. அடுத்த விசையழுத்தத்தில் யாருக்கும் தெரியாமல் விழிக்கின்றன. கைபேசிகளுக்காக வளர்ந்த ஆர்ம் வகைச் செயலிகள் இதில் மேலும் முன்னே போயின. அவற்றின் சிக்கனத்துக்கும் வெப்பமே காரணம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1980-களில் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் முதல் ஆர்ம் செயலியை வடிவமைத்தபோது, விலை அதிகமான பீங்கான் உறையைத் தவிர்த்து மலிவான பிளாஸ்டிக் உறையில் அதை அடைக்க விரும்பினார்கள். பிளாஸ்டிக் வெப்பத்தை வெளியே விடாது; ஆகவே செலவு ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். 1985 ஏப்ரலில் சில்லு வந்தது. அதன் செலவை அளக்க முயன்றபோது மின்னோட்டமே பதிவாகவில்லை. பார்த்தால் மின்னிணைப்பு சரியாகக் கொடுக்கப்படவே இல்லை. சுற்றியுள்ள மற்ற சுற்றுகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைதான் 2020-இன் எம்1. நான்கு வலுவான கருக்களும் நான்கு சிக்கனமான கருக்களுமாகப் பிரித்து, சில்லறை வேலைகளைச் சிக்கனமானவற்றிடம் ஒப்படைக்கும் அமைப்பு அதில் இருக்கிறது.

மெலிவின் எல்லையை வகுப்பது வெப்பமே என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் வேண்டும். 2020-இல் அது எதிர்பாராமல் கிடைத்தது. ஆப்பிள் அதே எம்1 சில்லை ஒரே நேரத்தில் இரண்டு மடிக்கணினிகளில் வைத்தது. மேக்புக் ஏரில் விசிறி இல்லை, ஓர் அலுமினியத் தகடு மட்டும். 13 அங்குல மேக்புக் ப்ரோவில் விசிறி உண்டு. சில நிமிடங்களில் முடியும் வேலைகளில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. வேலை நீண்டபோது ஏர் சில நிமிடங்களுக்குப் பின் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொண்டது, ப்ரோ தணிக்கவில்லை. மூளை ஒன்று, வடிகால் வேறு. ஆர்வலர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஏரின் அடிப்பகுதியைக் கழற்றி, அந்த அலுமினியத் தகட்டுக்கும் அடிமூடிக்கும் இடையே வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டுகளை ஒட்டினார்கள். உடனே அதன் வேகம் நீடித்தது, கூடவே அடிப்பகுதி தொட முடியாமல் சுட்டது. சில்லை மாற்றாமல், வெப்பம் போகும் வழியை மட்டும் மாற்றியதும் விளைவு மாறிவிட்டது. தயாரிப்பாளர் அதை அங்கே ஒட்டாமல் விட்டதற்குக் காரணம் பயனரின் தொடை. இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வுக்கூடத்தில் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

மெலிவு வெறும் நாகரிக மோகம், கடையில் கண்ணைப் பறிப்பதற்கானது என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2015-இல் அதே நிறுவனம் 12 அங்குல மேக்புக் ஒன்றைக் கொண்டுவந்தது. 0.92 கிலோ, 1.31 சென்டிமீட்டர், விசிறி கிடையாது. செலவு இன்னும் போதிய அளவு குறையாத காலத்தில் உடலை முந்தி மெலியவைத்ததால் அது வேகம் குன்றியே பிறந்தது. அதைவிடக் கெட்டது விசைப்பலகை. அரை மில்லிமீட்டர் சுமாருக்கே அழுந்தும் பட்டாம்பூச்சி விசைகளை அதில் பொருத்தினார்கள். ஒரு தூசு அடியில் புகுந்தால் விசை ஒட்டிக்கொண்டது, அல்லது ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்தது. 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. பின்னர் வழக்கில் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 2019-இல் அந்தக் கணினி நிறுத்தப்பட்டது, 2020-க்குள் பழைய வகை விசைகள் திரும்பின. சாலையில் நெல் காயும், அறுவடை இயந்திரம் தெருமுனையில் தூசு கிளப்பும் ஊருக்கு அந்த விசைப்பலகை எப்படிப் பொருந்தியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆகவே மோகம் உண்டு, அது தண்டிக்கப்பட்டதும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வி என் வாதத்தை வலுப்படுத்துகிறது. செலவு குறைந்த பிறகு வந்த மெலிவு நின்றது. செலவைக் குறைக்காமல் வந்த மெலிவு விழுந்தது. 2022-இல் செலவு ஏற்கெனவே இறங்கியிருந்த நிலையில் வந்த மேக்புக் ஏர் 1.13 சென்டிமீட்டர்தான், அந்த 12 அங்குலக் கணினியைவிட மெல்லியது. அதற்கு அந்தக் கதி நேரவில்லை.

நம் வெயிலுக்கு விசிறி உள்ள தடித்த கணினியே பாதுகாப்பு என்பது இரண்டாவது வாதம். குளிரூட்டிய அறையில், நீண்ட கனமான வேலைக்கு இது உண்மை. கட்டட வரைபடம் வரைபவரும் காணொளி தொகுப்பவரும் விசிறி உள்ளதைத்தான் வாங்க வேண்டும். டெல்டாவில் பாடம் படிக்கும் மாணவருக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. விசிறி காற்றை மட்டும் இழுப்பதில்லை, அதோடு வருவதையும் இழுக்கிறது. பஞ்சும் புழுதியும் உமித்தூசும் உலோகத் தகடுகளுக்கிடையே உள்ள ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிகளில் படிந்து கம்பளம் போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு விசிறி இரைந்துகொண்டே இருக்கும், காற்று போகாது. பழுதுபார்க்கும் கடைகளில் சூடாகி அணைந்துபோகிறது என்று வரும் கணினிகளுக்கு முதலில் செய்வதே இந்த அடைப்பை எடுப்பதுதான். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கூரை விசிறி அறையில் சுழல்கிறதே, அது உதவாதா என்றால், நன்றாகவே உதவும். மின்சாரம் இருக்கும் வரை. மின்சாரம் போகும் நேரத்தில், அதாவது கணினி தன் பேட்டரியில் ஓடத் தொடங்கும் அதே நேரத்தில், கூரை விசிறியும் நின்றுவிடும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தடித்த கணினியின் பேட்டரியைத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றலாம். வன்தட்டை இரண்டு திருகில் மாற்றலாம். நினைவகத்தைச் செருகிக் கூட்டலாம். கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு சிறு கடைக்காரரே இவற்றைச் செய்துகொடுத்தார், அதனால்தான் 2011-இன் கணினிகள் பல இன்னும் உயிரோடிருக்கின்றன. மெல்லியவற்றில் பேட்டரியைப் பசையால் ஒட்டுகிறார்கள், நினைவகத்தைப் பற்றவைக்கிறார்கள், சிலவற்றில் சேமிப்பகத்தையும். இது உண்மையான இழப்பு. நம் வெயிலில் அது இன்னும் பெரிய இழப்பு, ஏனென்றால் லித்தியம் கலத்தின் மூப்பு வேதிவினை. பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. இங்கே பேட்டரி விரைவில் தளரும், ஆகவே இங்கேதான் அதை மாற்றும் வசதி அதிகம் வேண்டும். ஆனால் இந்த இழப்பு மெலிவுக்குக் கட்டாயமாகக் கொடுத்த விலையா? நினைவகத்தின் விஷயத்தில் ஓரளவுக்கு ஆம். செயலிக்கு ஒட்டி, குறுகிய கம்பிகளில் பற்றவைத்தால் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட முடியும். அந்தச் சிக்கனம் உண்மையானது. பேட்டரியிலும் சேமிப்பகத்திலும் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நிரவ் படேல் தொடங்கிய ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணினி இதற்குச் சாட்சி. 1.3 கிலோ, 1.585 சென்டிமீட்டர் தடிமன். எம்1 மேக்புக் ஏரின் அளவேதான். அதில் பேட்டரி, சேமிப்பகம், நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் ஒரே திருப்புளியால் வீட்டிலேயே மாற்றலாம். அதில் விசிறி உண்டு, எம்1 கணினியின் அளவுக்குச் சிக்கனமும் இல்லை. ஆனாலும் மெலிவும் பூட்டிவைத்தலும் பிரிக்க முடியாத இரட்டைகள் என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது. குறைந்த மின்னழுத்த நினைவகத்தையும் திருகிக் கழற்றும் பலகையாகச் செய்யும் வழி 2024-இல் சந்தைக்கு வந்துவிட்டது. பசையும் பற்றவைப்பும் பெருமளவு வணிக முடிவுகள். இயற்பியல் அவற்றைக் கேட்கவில்லை.

இந்த வேறுபாடு டெல்டாவுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 2012-ஐயும் 2018-ஐயும் நினைத்துப் பார்த்தால் போதும். முதல் விலையில்லா மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வந்த அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டி மின்வெட்டு நிலவியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அப்படிப்பட்ட நாளில் 15 வாட் செலவழிக்கும் பழைய கணினிக்கும் மூன்றரை வாட் செலவழிக்கும் கணினிக்கும் இடையிலான வேறுபாடு பேட்டரி நேரத்தோடு நிற்பதில்லை. கூரையில் வைக்கும் 50 வாட் சூரியத் தகடு ஒன்று, மேகமில்லாத நாளில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பின்னதை முழுதாக நிரப்பிவிடும். அந்த ஒரு நிரப்பல் மாணவருக்கு ஒரு நாள் பாடத்துக்குப் போதும்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வாங்கக் கோரிய கணினிகளில் 8 ஜிபி நினைவகமும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக 256 ஜிபி திடநிலைச் சேமிப்பகமும் இருந்தன. 2008-இல் 1,799 டாலர் கொடுத்து மேக்புக் ஏர் வாங்கியவர், இதில் கால் பங்கு அளவுள்ள 64 ஜிபி திடநிலைச் சேமிப்பகம் வேண்டும் என்றால் அதற்கு மேல் 999 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய ஆடம்பரம் இன்று அரசின் குறைந்தபட்சத் தேவையாகிவிட்டது. இது நல்ல மாற்றம், ஆனால் பாதி மாற்றம். இத்தகைய ஒப்பந்தப்புள்ளிகளில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் எண்ணில் கேட்கிறார்கள். கணினி சும்மா இருக்கும்போதும் பாடம் படிக்கும்போதும் எத்தனை வாட் செலவழிக்கலாம் என்பதையும் அதே போல எண்ணில் கேட்க வேண்டும். அளப்பது கடினமில்லை. செருகியில் மாட்டும் ஒரு வாட் மானி போதும். பேட்டரியின் பிறந்த கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் காட்டும் அறிக்கையை விண்டோஸ் தானாகவே எழுதித் தரும், எந்த மாணவரும் அதை எடுத்துப் பார்க்கலாம். சோதனையை 25 டிகிரி அறையில் செய்யாமல் 40 டிகிரி அறையில், கணினியைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டிச் செய்ய வேண்டும், அதன் அடிப்பகுதியின் சூட்டையும் வேகம் எவ்வளவு தணிந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியும் சேமிப்பகமும் சாதாரணத் திருப்புளியால் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும், மாற்றுப் பேட்டரி ஐந்து ஆண்டுகளுக்கு மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்க வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. 20 லட்சம் கணினி வாங்குபவர் கேட்டால், செய்து கொடுக்க முடியாது என்று சொல்லும் நிலையில் எந்தத் தயாரிப்பாளரும் இல்லை.